ஸ்ட்ரீம் ஜாப்களின் சிபியு லிமிட்டைத் திரும்பப் பெறுங்கள்: தளக் கட்டமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தளக் கட்டமைப்புக் குழுவினருக்கு,

யார்னிலிருந்து குபெர்னெட்டஸுக்கு (இரண்டுமே ஜாப்களைப் பல மெஷின்களில் பகிர்ந்து ஓட்டும் அமைப்புகள்) மாற்றிய எல்லா ஃபிளிங்க் ஜாப்களுக்கும், அதாவது ஓயாமல் வரும் தரவைச் செயலாக்கும் எங்கள் ஸ்ட்ரீம் ஜாப்களுக்கு, ஒரே அளவை நிர்ணயித்திருக்கிறீர்கள். ஜாப்பின் வேலையைச் செய்யும் பிராசஸான ஒரு டாஸ்க்மேனேஜருக்கு 4 ஸ்லாட் (வேலையை ஏற்கும் இடங்கள்), 1 சிபியு. ரிக்வெஸ்டும் (உறுதியளிக்கும் அளவு) 1, லிமிட்டும் (தாண்ட முடியாத உச்சம்) 1. அதற்கு இரண்டு ஆதாரங்களைக் காட்டினீர்கள். பழைய யார்ன் திரையில் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் (ஒரு டாஸ்க்மேனேஜர் ஓடும் தனிப் பெட்டி) 1 விகோர் (கணக்குக்கான சிபியு கோர்) என்றே இருந்தது என்பது ஒன்று. சராசரி சிபியு பயன்பாடு அந்த ஒரு கோரில் பாதியைக்கூடத் தொடவில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டை வைத்து எடுத்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

யார்ன் திரையில் இருந்த அந்த 1, யாரும் அளந்து போட்ட எண் கிடையாது. கெப்பாசிட்டி ஷெட்யூலர் இயல்பாகப் பயன்படுத்துவது டிஃபால்ட் ரிசோர்ஸ் கால்குலேட்டரை. அது நினைவகத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஜாப் 4 விகோர் கேட்டாலும் திரையில் 1 என்றுதான் காட்டும். டாமினன்ட் ரிசோர்ஸ் கால்குலேட்டருக்கு மாற்றினால்தான் விகோர் கணக்கிலேயே வரும். பழைய கிளஸ்டரில் அந்த மாற்றம் செய்யப்படவே இல்லை. பிராசஸ்களின் சிபியுவுக்கு எல்லை போடும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பின் கட்டுப்பாடும் போடப்படவில்லை. அதனால் ஜாப்கள் தேவைப்பட்ட நொடியில் மெஷினில் காலியாக இருந்த கோர்களை எடுத்துக்கொண்டு வேலையை முடித்தன. அங்கே வெறும் எழுத்தாக இருந்த 1, இங்கே கெர்னல் கறாராக அமல்படுத்தும் உச்சவரம்பாகிவிட்டது. எண் மாறவில்லை என்பதால் எதுவும் மாறவில்லை என்று முடிவு செய்ததுதான் முதல் பிழை.

இரண்டாவது ஆதாரமான சராசரியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செலவுக் குறைப்பு அறிக்கையும் அதன் மேல்தான் நிற்கிறது.

லிமிட் 1 என்றால் என்ன பொருள்? லினக்ஸின் சிபியு ஒதுக்கீட்டுக் கட்டுப்பாடு (சிஎஃப்எஸ் பேண்ட்விட்த் கன்ட்ரோல்) நேரத்தை இயல்பமைப்பில் 100 மில்லி விநாடிச் சுற்றுகளாக எடுத்துக்கொள்கிறது. லிமிட் 1 உள்ள கண்டெய்னருக்கு ஒவ்வொரு சுற்றிலும் 100 மில்லி விநாடி சிபியு நேரம் ஒதுக்கப்படும். கண்டெய்னரின் எல்லாத் திரெட்களும் (ஒரே சமயம் ஓடக்கூடிய வேலை இழைகள்) சேர்ந்து செலவழிப்பது இந்த ஒரே ஒதுக்கீட்டைத்தான். எத்தனை கோர்களில் ஒரே சமயம் ஓடலாம் என்பதற்கு லிமிட்டில் எந்தத் தடையும் இல்லை. 16 கோர் உள்ள நோடில் (கிளஸ்டரின் ஒரு மெஷின்) 12 திரெட்கள் ஒரே நேரத்தில் விழித்தால் 12 கோர்களில் ஓடும். 100ஐ 12ஆல் வகுத்தால் 8.3 மில்லி விநாடியில் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 91 மில்லி விநாடிக்கு மேல் அந்தக் கண்டெய்னரின் எந்தத் திரெட்டும் ஓடாது. நோடில் மற்ற கோர்கள் சும்மா கிடந்தாலும் ஓடாது.

இப்போது ஒரு சாதாரண ஜாப்பை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒருமுறை, பதிவுகள் வரிசையாகச் சேரும் காஃப்காவிலிருந்து ஒரு தொகுதி வருகிறது. அதை முடிக்க 12 திரெட்களுக்கும் தலா 25 மில்லி விநாடி வேலை. மொத்தம் விநாடிக்கு 300 மில்லி விநாடி சிபியு, அதாவது 0.3 கோர். லிமிட் இல்லாவிட்டால் 25 மில்லி விநாடியில் தொகுதி முடிந்துவிடும். லிமிட் 1 இருக்கும்போது முதல் சுற்றில் 100, இரண்டாம் சுற்றில் 100, மூன்றாம் சுற்றில் 100 என்று செலவாகி, முடிய 208 மில்லி விநாடி ஆகும். உங்கள் திரையில் இந்த ஜாப் 30% பயன்பாடு என்று பச்சையாகத் தெரியும். எங்கள் பக்கம் அதே ஜாப் எட்டு மடங்கு தாமதமாக ஓடுகிறது. ஒரு நிமிடச் சராசரியானாலும் ஏழு நாள் சராசரியானாலும் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் செலவான சிபியு நேரம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான்.

இது ஒரு டாஸ்க்மேனேஜரின் கதை. ஜாப்பில் இரண்டு கீபை (பதிவுகளைக் கீ வாரியாகப் பிரித்து அனுப்பும் கட்டம்) இருந்தால் ஒரு பதிவு மூன்று டாஸ்க்மேனேஜர்களைக் கடக்கக்கூடும். ஒவ்வொன்றும் தன் சுற்றில் எப்போது நிற்கிறது என்பது மற்றதற்குத் தெரியாது. மோசமான நிலையில் ஒவ்வொரு தாவலிலும் 90 மில்லி விநாடி சேரும். பெறும் பக்கம் நின்றால் அனுப்பும் பக்கத்தின் நெட்வொர்க் பஃபர் நிறையும், கிரெடிட் (அனுப்பும் அனுமதி) தீரும், பேக்பிரஷர் (அடுத்த கட்டம் ஏற்காததால் வரும் தேக்கம்) மேலே ஏறி சோர்ஸ் வரை போகும். முடிவில் காஃப்காவில் லேக் (படிக்காமல் தேங்கிய அளவு) கூடுகிறது. பார்ப்பவர்கள் காஃப்காவைச் சந்தேகிக்கிறார்கள்.

இதைக் கையோடு சரிபார்க்கலாம். கண்டெய்னருக்குள் சிகுரூப் அடைவில் சிபியு.ஸ்டாட் என்ற கோப்பு இருக்கிறது. அதில் என்ஆர் பீரியட்ஸ் (சுற்றுகள்), என்ஆர் த்ராட்டில்டு (நிறுத்தப்பட்ட சுற்றுகள்) என்ற இரண்டு எண்களை எடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். நிமிடம் முழுக்க வேலை நடந்திருந்தால் முதல் எண் ஏறத்தாழ 600 கூடியிருக்கும். இரண்டாவதின் உயர்வை முதலாவதின் உயர்வால் வகுத்தால் எத்தனை விழுக்காடு சுற்றுகளில் கண்டெய்னர் நிறுத்தி வைக்கப்பட்டது என்று தெரியும். எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அதே கோப்பில் உண்டு. சிகுரூப்பின் முதல் பதிப்பில் அது நானோ விநாடியிலும், இரண்டாம் பதிப்பில் மைக்ரோ விநாடியிலும் இருக்கும். இந்த அலகு வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதிய அலாரங்கள் ஆயிரம் மடங்கு தவறாக அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. கண்டெய்னர்களை அளக்கும் சிஅட்வைசர் இந்த எண்களை ஏற்கெனவே சேகரித்து, அளவீடுகளைச் சேமிக்கும் புரோமிதியஸுக்குத் தருகிறது. உங்கள் டாஷ்போர்டில் அவை இல்லை, அவ்வளவுதான்.

இன்னோர் அடையாளமும் உண்டு. ஃபிளிங்க் 1.13லிருந்து ஒவ்வொரு சப்டாஸ்க்குக்கும் (ஒரு கட்டத்தின் இணைப் பிரதி) ஒரு விநாடியில் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது, எவ்வளவு நேரம் பேக்பிரஷரில் இருந்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்ற மூன்று அளவுகள் கிடைக்கின்றன. திரெட்டைக் கெர்னல் நிறுத்தி வைத்திருப்பது ஃபிளிங்க்குக்குத் தெரியாது. அதனால் நின்ற நேரமும் வேலை நேரமாகவே பதிவாகிறது. சப்டாஸ்க் விநாடியில் 950 மில்லி விநாடிக்கு மேல் வேலையாக இருப்பதாக ஃபிளிங்க் சொல்லி, கண்டெய்னரின் சிபியு 40% என்று நீங்கள் சொன்னால், தரவுத்தளம் போன்ற வெளி அழைப்புக்குக் காத்திருக்காத ஜாப்பில் அது த்ராட்டில், அதாவது ஒதுக்கீடு தீர்ந்து நிறுத்தப்படுவதுதான். எங்கள் புகார்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு எண்களும் அருகருகே இருந்தன. வந்த பதில் ஒவ்வொரு முறையும் "சிபியு போதுமான அளவு இருக்கிறது" என்பதே.

4.18 கெர்னலில் வந்த மாற்றம் ஒன்றால், ஒதுக்கீடு தீராமலேயே கண்டெய்னர்கள் நிறுத்தப்பட்டதும் 5.4இல் அது சரிசெய்யப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பிழையை இதோடு குழப்ப வேண்டாம். நாங்கள் சொல்வது கெர்னல் தன் விதிப்படி சரியாகச் செய்யும் வேலையின் விளைவு. கெர்னலைப் புதுப்பித்தாலும் இது போகாது.

ஒரு கோருக்குள் நீங்கள் அடைத்திருப்பது எத்தனை திரெட்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்லாட் என்பது சிபியுவைப் பிரிப்பதில்லை. ஃபிளிங்க்கின் மேனேஜ்டு நினைவகம் ஸ்லாட்களுக்குச் சமமாகப் பிரியும். சிபியுவுக்கு அப்படி எந்தத் தடுப்புச் சுவரும் கிடையாது. ஸ்லாட் ஷேரிங் காரணமாக ஒரு ஸ்லாட்டுக்குள் பைப்லைனின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சப்டாஸ்க் உட்காரும். சோர்ஸும் பார்சரும் ஒரு செயின் (ஒரே திரெட்டில் ஓடும் தொடர்), கீபைக்குப் பிறகு விண்டோ ஒரு செயின், அடுத்த கீபைக்குப் பிறகு சிங்க் ஒரு செயின் என்றால் ஸ்லாட்டுக்கு 3 டாஸ்க் திரெட். 4 ஸ்லாட்டுக்கு 12. காஃப்காவிலிருந்து எடுக்கும் ஃபெட்சர் திரெட் 4. காஃப்காவுக்கு அனுப்பும் புரொட்யூசரின் சென்டர் திரெட் 4. நெட்வொர்க் வேலைக்கான நெட்டி சர்வர் திரெட்களும் கிளையன்ட் திரெட்களும் இயல்பமைப்பில் ஸ்லாட் எண்ணிக்கை அளவுக்கு, அதாவது 4 வீதம் 8. ஜாப்பின் நிலையைச் சேமிக்கும் ராக்ஸ்டிபியின் ஃபிளஷ், கம்பாக்‌ஷன் திரெட்கள், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மின் ஜிசி (பயன்படாத நினைவகத்தை மீட்பது) திரெட், ஜிட் (ஓடும்போதே நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும்) கம்பைலர் திரெட்கள், ஹார்ட்பீட்டுக்கும் மெட்ரிக்குக்கும் இருப்பவை என்று சேர்த்தால் 30ஐத் தாண்டும். இவையெல்லாம் எப்போதும் ஓடுவதில்லை என்பது உண்மை. ஆனால் ஓடும்போது சேர்ந்து ஓடுகின்றன. சராசரி மறைப்பதும் அதைத்தான்.

லிமிட் 1 ஜேவிஎம்மையும் திரித்துவிடுகிறது. ஜாவாவின் ஜேடிகே 10ஆம் பதிப்பு முதலும், ஜேடிகே 8இல் 191ஆம் புதுப்பிப்பு முதலும், ஜேவிஎம் தன் கோர் எண்ணிக்கையைக் கண்டெய்னரின் லிமிட்டிலிருந்து கணக்கிடுகிறது. லிமிட் 1 என்றால் தனக்கு ஒரே ஒரு கோர்தான் என்று முடிவு செய்கிறது. இரண்டு கோருக்குக் குறைவாகக் கண்டால், வேறு ஜிசி குறிப்பிடப்படாத நிலையில், சீரியல் ஜிசியைத் தேர்ந்தெடுக்கும். பல ஜிபி ஹீப் (ஜாவா நினைவகம்) உள்ள டாஸ்க்மேனேஜரில் ஒற்றைத் திரெட்டில் ஓடும் ஜிசி நான்கு ஸ்லாட்களையும் ஒருசேர நிறுத்துகிறது. ஜி1 என்ற ஜிசியை நாங்களே குறிப்பிட்ட ஜாப்களில் வேறு தொல்லை: அதன் பின்னணி மார்க்கிங் திரெட்டும் அதே 100 மில்லி விநாடியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஜாவாவின் கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சரை எக்சிக்யூட்டர் குறிப்பிடாமல் பயன்படுத்தினால் அது பொதுவான ஃபோர்க்ஜாயின் பூலில் ஓடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஜேடிகே 8, 11, 17 பதிப்புகளில் அந்தப் பூலின் அளவு 1ஐத் தாண்டினால்தான் அப்படி. பூலின் அளவு கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. ஆக லிமிட் 1 அல்லது 2 உள்ள கண்டெய்னரில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதிய திரெட் உருவாகிறது. வெளி சேவையை அழைத்துத் தரவைச் செறிவூட்டும் ஜாப்கள் மாற்றத்துக்குப் பிறகு திரெட் எண்ணிக்கையில் திடீரென்று எகிறியதற்கு இதுவே காரணம். சிபியுவைக் குறைத்ததால் திரெட்கள் கூடின, கூடிய திரெட்கள் ஒதுக்கீட்டை இன்னும் சீக்கிரம் தீர்த்தன. தங்களுக்கென்று எக்சிக்யூட்டர் வைக்காத குறை எங்கள் நிரலில் இருக்கிறது. அதை நாங்கள் திருத்துகிறோம். ஆனால் அது வெளிப்பட்டது உங்கள் லிமிட்டால்.

இனி செக்பாயிண்ட், அதாவது தோல்வியிலிருந்து மீள ஜாப்பின் நிலையை அவ்வப்போது சேமிப்பது. நிலையை ராக்ஸ்டிபியில் வைத்து இன்கிரிமென்டல் செக்பாயிண்ட் எடுக்கும் ஜாப்களில் ஒவ்வொரு செக்பாயிண்ட்டும் மெம்டேபிளை (இன்னும் நினைவகத்திலேயே இருக்கும் புதிய தரவு) வட்டில் எழுதி, பூஜ்ஜிய மட்டத்தில் ஒரு புதிய கோப்பை உண்டாக்கும். அந்த மட்டத்தில் 4 கோப்புகள் சேர்ந்ததும் அவற்றை ஒன்றிணைக்கும் கம்பாக்‌ஷன் தொடங்குவது இயல்பமைப்பு. செக்பாயிண்ட் எல்லா சப்டாஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் நடப்பதால் கம்பாக்‌ஷனும் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. நிமிடத்துக்கு ஒரு செக்பாயிண்ட் என்றால், இடையில் மெம்டேபிள் நிரம்பித் தானாக எழுதப்படாத அளவுக்கு எழுத்து குறைவான ஜாப்பில், 4 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிபியு முகடு வரும். தாமத வரைபடத்தில் அதே 4 நிமிட இடைவெளியில் ஊசிகள் தெரிகின்றன. லிமிட் இல்லாதபோது காலியான கோர்களில் கம்பாக்‌ஷன் முடிந்துவிடும். லிமிட் 1 இருக்கையில் கம்பாக்‌ஷனும் பதிவுச் செயலாக்கமும் ஒரே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகின்றன. கம்பாக்‌ஷன் பின்தங்கி, பூஜ்ஜிய மட்டத்தில் 20 கோப்புகள் சேர்ந்தால் ராக்ஸ்டிபி எழுத்தை வேண்டுமென்றே மெதுவாக்கும், 36இல் நிறுத்திவிடும். அந்த நிலையில் டாஸ்க் திரெட் ராக்ஸ்டிபிக்குள் காத்து நிற்கிறது. செக்பாயிண்ட்டின் எல்லையைக் குறிக்கும் பேரியர் நகராது. செக்பாயிண்ட்டின் இயல்பான காலவரம்பு 10 நிமிடம். தாங்கும் தோல்வி எண்ணிக்கை இயல்பமைப்பில் 0. வரம்பு தாண்டினால் ஜாப் விழுந்து மறுபடி தொடங்குகிறது.

மறுபடி தொடங்கும் நேரம்தான் சிபியு அதிகமாகத் தேவைப்படும் நேரம். நிலையை மீட்டெடுக்க வேண்டும். ஜிட் கம்பைலர் இன்னும் எதையும் கம்பைல் செய்திருக்காது. அதன் திரெட்களே பெரும்பங்கைத் தின்னும். காஃப்காவில் தேங்கியதையும் படிக்க வேண்டும், புதிதாக வருவதையும் படிக்க வேண்டும். ஜாப்பின் உச்சத் திறன் எவ்வளவு, வரத்து எவ்வளவு என்ற இரண்டு எண்களை வைத்து இதைக் கணக்கிடலாம். தேங்கிய நேரத்தை வரத்தால் பெருக்கி, திறனில் வரத்து போக மிஞ்சுவதால் வகுக்க வேண்டும். 30 நிமிடம் நின்ற ஜாப், வழக்கமாகத் தன் திறனில் 60 விழுக்காட்டில் ஓடுவதென்றால் 45 நிமிடத்தில் கரையேறும். அதே ஜாப்பை 90 விழுக்காட்டில் ஓடும்படி இறுக்கினால் 270 நிமிடம், அதாவது நாலரை மணி நேரம் ஆகும். அந்த நாலரை மணி நேரத்துக்குள் நோடு பராமரிப்புக்காக நீங்கள் இன்னொரு கண்டெய்னரை நகர்த்தினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் வீண் என்று கருதிய 40%, இந்த நேரத்துக்காக வைத்திருந்தது. பேட்ச் ஜாப்புக்கு அது வீணாக இருக்கலாம். ஸ்ட்ரீம் ஜாப்புக்கு அது மீட்புத் திறன். இரண்டுக்கும் ஒரே விதியைப் போட்டதுதான் இந்த முடிவில் எங்களை மிகவும் வருத்துவது.

"பேரலலிசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்பது, அதாவது சப்டாஸ்க்குகளைக் கூட்டச் சொல்வது, எங்கள் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கூடவே வரும் பதில். அது எல்லா இடத்திலும் வேலை செய்யாது. 24 பார்ட்டிஷன் (பிரிவு) உள்ள காஃப்கா டாபிக்கை 16 சப்டாஸ்க் படித்தால் 8க்கு இரண்டிரண்டு, 8க்கு ஒவ்வொன்று. ஜாப்பின் வேகம் இரண்டைச் சுமப்பவற்றின் வேகம்தான். 32ஆக்கினால் 8 சப்டாஸ்க்குக்குப் படிக்க எதுவும் இருக்காது, ஐடில்னஸ் (சும்மா இருப்பவற்றைக் கணக்கில் விடும் அமைப்பு) அமைக்காவிட்டால் அவை வாட்டர்மார்க்கையே (நிகழ்வு நேரம் எதுவரை வந்தது என்ற குறி) நிறுத்திவிடும், விண்டோக்கள் மூடாது. கீபைக்குப் பின்னாலும் இதே நிலைதான். மேக்ஸ் பேரலலிசம் (கீகளைப் பிரித்து வைக்கும் கீ குரூப்களின் எண்ணிக்கை) 128 என்றிருக்கும் ஜாப்பை 96க்கு உயர்த்தினால் 32 சப்டாஸ்க்குக்கு இரண்டு கீ குரூப், 64க்கு ஒன்று. சிலவற்றின் மேல் இருமடங்கு சுமை. மேக்ஸ் பேரலலிசத்தை மாற்றலாமே என்றால், பழைய செக்பாயிண்ட்டிலிருந்து நிலையை மீட்க முடியாது. ஒரே ஒரு கீ சூடாக இருக்கும், அதாவது பெரும்பாலான பதிவுகள் அதற்கே வரும் ஜாப்பில் எத்தனை சப்டாஸ்க் சேர்த்தாலும் அந்தக் கீ ஒரே திரெட்டில்தான் ஓடும். அதற்குத் தேவை தடையில்லாத ஒரு முழுக் கோர்.

கூடுதல் டாஸ்க்மேனேஜர்கள் இலவசமும் அல்ல. இயல்பமைப்பில் மெட்டாஸ்பேஸுக்கு 256 எம்பி, ஜேவிஎம் ஓவர்ஹெட்டுக்குக் குறைந்தது 192, ஃபிரேம்வொர்க் ஹீப் 128, ஃபிரேம்வொர்க் ஆஃப்ஹீப் 128 என்று ஒரு பதிவைக்கூடத் தொடும் முன்பே 704 எம்பி போய்விடும். ஒரு கோர் வீதம் நறுக்கி இருமடங்கு டாஸ்க்மேனேஜர் ஓட்டுவதால் சிபியுவில் மிச்சம் காட்டி நினைவகத்தில் இழக்கிறோம்.

உங்கள் பக்க நியாயத்தையும் பார்க்கிறோம். லிமிட் இல்லாவிட்டால் ஒரு ஜாப் நோடு முழுவதையும் பிடித்துக்கொண்டு பக்கத்து ஜாப்களை நசுக்கும் என்கிறீர்கள். நினைவகத்துக்கு இந்த அச்சம் முற்றிலும் சரி. நினைவக லிமிட்டை எடுக்கும்படி நாங்கள் கேட்கவே இல்லை. சிபியு வேறு. ரிக்வெஸ்ட் கெர்னலில் எடையாக மாறுகிறது. நெரிசல் வரும்போது ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தன் ரிக்வெஸ்ட் விகிதத்தில் சிபியு கிடைக்கும். நெரிசல் இல்லாதபோது மட்டுமே ஒருவர் மற்றவரின் மிச்சத்தை எடுக்க முடியும். இதற்கு ஒரே நிபந்தனை, ரிக்வெஸ்ட் உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். 3 கோர் தேவைப்படும் ஜாப்புக்கு 1 என்று ரிக்வெஸ்ட் போட்டுவிட்டு லிமிட்டை மட்டும் எடுத்தால் நெரிசலில் அது நசுங்கத்தான் செய்யும். ஒவ்வொரு நோடிலும் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெலெட்டுக்கும் நோடின் சொந்த வேலைகளுக்கும் ஒதுக்கி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

லிமிட்டை எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். லிமிட் இல்லையென்றால் ஜேவிஎம் நோடின் எல்லாக் கோர்களையும் தன்னுடையதாகப் பார்க்கும். 64 கோர் நோடில் இணை ஜிசி திரெட் எண்ணிக்கை 43 ஆகிவிடும்: முதல் 8 கோருக்கு 8, மீதி 56 கோரில் எட்டில் ஐந்து பங்கு. ஒரு நோடில் இப்படிப் பத்து டாஸ்க்மேனேஜர் இருந்தால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்டிவ் பிராசசர் கவுண்ட் என்ற ஜேவிஎம் விருப்பத்தில் உண்மையான எண்ணைக் கொடுத்தால் இது தீரும். ஜிசி எது என்பதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

சில ஜாப்களுக்குக் கறாரான எல்லை தேவை என்று நீங்கள் கருதினால் அதற்கும் வழி இருக்கிறது. குபெலெட்டின் சிபியு மேனேஜரில் ஸ்டேடிக் கொள்கையை இயக்கி, ரிக்வெஸ்டும் லிமிட்டும் சமமான முழு எண்ணாக, நினைவகத்திலும் இரண்டையும் சமமாகக் கொடுத்தால் கண்டெய்னருக்குத் தனிக் கோர்கள் கிடைக்கும். 4 தனிக் கோர்களில் 12 திரெட்கள் முறைவைத்து ஓடும்; 4 கோரில் ஒரு சுற்றில் செலவழிக்கக்கூடியதே 400 மில்லி விநாடிதான் என்பதால் ஒதுக்கீடு பாதிச் சுற்றில் தீர்ந்து எல்லாம் சேர்ந்து நிற்கும் நிலை வராது. தாமதம் முக்கியமான ஜாப்களுக்கு இதை நாங்களே விரும்புவோம்.

எல்லா ஜாப்பும் சிபியு பசி கொண்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் 5 மில்லி விநாடி தரவுத்தள அழைப்புக்காகக் காத்திருக்கும் ஜாப்பில் ஒரு திரெட் விநாடிக்கு 200 பதிவுக்கு மேல் தாண்டாது, சிபியுவோ தூங்கும். அங்கே ஒரு கோருக்கு 4 அல்லது 8 ஸ்லாட் வைப்பது சரியே. பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அழைக்கும் அசிங்க் ஐஓவுக்கு மாற்றினால், ஒரே சமயம் 100 அழைப்புகள் நிலுவையில் இருக்கலாம் என்ற அளவில், அதே திரெட் கோட்பாட்டளவில் 20,000 வரை போகும். மாறாக ஜேசன் பிரித்து, சுருக்கி, விண்டோவில் கூட்டும் ஜாப்பில் ஒரு ஸ்லாட்டே ஒரு கோருக்கு மேல் கேட்கும். இந்த இரண்டையும் "4 ஸ்லாட், 1 சிபியு" என்ற ஒரே அச்சில் வார்க்க முடியாது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

ஸ்ட்ரீம் ஜாப்களுக்கான லிமிட் 1 என்ற விதியை உடனே விலக்குங்கள். ஃபிளிங்க்கின் நேட்டிவ் குபெர்னெட்டஸ் முறையில் லிமிட் என்பது ரிக்வெஸ்டை ஒரு காரணியால் பெருக்கி வருவது. அதன் இயல்பான மதிப்பு 1.0. அதைக் குறைந்தது 3.0 ஆக்குங்கள். வேறு முறையில் ஓடும் ஜாப்களுக்குச் சிபியு லிமிட்டை நீக்குங்கள். அதே மாற்றத்தோடு ஆக்டிவ் பிராசசர் கவுண்ட்டையும் ஜிசி தேர்வையும் பொது வார்ப்புருவில் சேருங்கள். இவற்றைத் தனித்தனியாக வெளியிட வேண்டாம்.

ஸ்லாட் எண்ணிக்கையையும் ரிக்வெஸ்டையும் ஜாப் உரிமையாளர் தீர்மானிக்கட்டும். எண் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு எங்களுடையது. நாங்கள் முன்வைக்கும் முறை இது: லிமிட் இல்லாமல் ஒரே ஸ்லாட்டில் ஜாப்பை ஓட்டி, தேங்கிய டாபிக்கைப் படிக்கவிட்டு, ஜிட் சூடேறிய பின் விநாடிக்கு எத்தனை பதிவு, எத்தனை கோர் என்று அளப்போம். ஒரு ஸ்லாட் 1.3 கோரில் 20,000 பதிவு செய்கிறது, உச்ச வரத்து 1,00,000, மீட்புக்காக இருமடங்குத் திறன் வேண்டும் என்றால் 10 ஸ்லாட், 13 கோர். இந்தத் தாளை ஒவ்வொரு ஜாப்புக்கும் உங்களிடம் தருகிறோம்.

த்ராட்டில் ஆன சுற்றுகளின் விழுக்காட்டையும் நின்ற நேரத்தையும் சிபியு சராசரிக்குப் பக்கத்திலேயே டாஷ்போர்டில் வையுங்கள். 5 விழுக்காட்டுக்கு மேல் த்ராட்டில் ஆகும் எந்தக் கண்டெய்னரையும் "குறைவாகப் பயன்படுத்தப்படுவது" என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இனி எந்த ஸ்ட்ரீம் ஜாப்பின் சிபியுவைக் குறைப்பதற்கு முன்பும் ஒரு மீட்புச் சோதனை நடத்துங்கள். ஜாப்பை 30 நிமிடம் நிறுத்தி, கடைசி செக்பாயிண்ட்டிலிருந்து தொடங்கி, லேக் பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் குறைப்பு நடக்கக் கூடாது. சோதனையின்போது எங்களில் ஒருவர் உடன் இருப்பார்.

நோடுகளில் ஒரு பகுதியிலாவது ஸ்டேடிக் சிபியு மேனேஜர் கொள்கையை இயக்கித் தாமதம் முக்கியமான ஜாப்களுக்கு ஒதுக்குங்கள். எந்தெந்த ஜாப் என்ற பட்டியலை நாங்கள் தருகிறோம்.

சராசரி பயன்பாட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மூடப்பட்ட எங்கள் டிக்கெட்டுகள் அனைத்தையும் மறுபடி திறந்து, ஒவ்வொன்றிலும் சிபியு.ஸ்டாட் எண்களைப் பதிவு செய்யுங்கள். அடுத்த கொள்ளளவு ஆய்வுக் கூட்டத்துக்கு முன்பாக, இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு எந்த அளவீடு காரணம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ட்ரீம் ஜாப்களை எழுதி இயக்கும் பொறியாளர்கள்